பொத்தான் வைத்த கோட்டு

பேசாப் படம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை, எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் ‘கடைசி மனிதன்’. ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் எடுத்து, 1924 டிசம்பரில் பெர்லினில் வெளியான படம். ‘தி லாஸ்ட் லாஃப்’ என்ற ஆங்கிலப் பெயரில் தேடினால் கிடைக்கும்.

நடுநடுவே அட்டையில் எழுத்து வரும், அதைப் படித்துப் படித்துத்தான் கதையைப் பிடிக்க வேண்டும் என்ற பயம் பலருக்கு உண்டு. இங்கே அந்தச் சிரமமே இல்லை. பாத்திரங்கள் பேசுவதைச் சொல்லும் அட்டை ஒன்றுகூடக் கிடையாது. பார்த்தாலே போதும்.

அட்லாண்டிக் என்றொரு பெரிய ஹோட்டல். அதன் சுழல் கதவருகே, பளபளக்கும் பொத்தான் வைத்த நீளக் கோட்டு அணிந்து நிற்கிறார் வயதான வாயில்காப்பாளர். எமில் ஜானிங்ஸ் நடித்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான். மழையில் கனத்த பெட்டி ஒன்றை இறக்கிய களைப்பில் அவர் சற்று உட்காருகிறார். மேலாளர் அதைக் கவனித்துவிடுகிறார். மறுநாள் வந்தால், கதவருகே வேறொருவர் நிற்கிறார். முதியவரைக் கீழ்த்தளக் கழிவறை வேலைக்கு அனுப்புகிறார்கள்.

அந்தக் கோட்டைக் கழற்றும் காட்சியை நிதானமாகப் பாருங்கள். பொத்தான் ஒன்று அறுந்து விழுகிறது. நிமிர்ந்திருந்த முதுகு கூனுகிறது, கைகள் தொங்குகின்றன. அவர் குடியிருக்கும் ஏழைக் குடியிருப்பில் அண்டை அயலார் வணங்கியதெல்லாம் அந்தக் கோட்டைத்தான் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரிந்துவிடுகிறது. வீட்டில் கல்யாணம் வேறு. அதனால் கோட்டைத் திருடிப் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ரயில் நிலையப் பொருள் காப்பறையில் அதை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் வலிப்பது இந்த இடம். ஒரு வார்த்தை வசனம் இருந்தாலும் இது கெட்டுப்போயிருக்கும்.

ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். படம் தொடங்கும்போதே கேமரா மின்தூக்கியில் இறங்கி, கூடத்தைக் கடந்து, சுழல் கதவுவரை போய்விடும். முதியவரின் போதைக் காட்சிக்காக ஃப்ராய்ண்ட் கேமராவைத் தன் மார்பில் கட்டிக்கொண்டு தள்ளாடினார். அறை சுற்றுவதை நாமும் உணர்கிறோம். நூறாண்டுக்கு முந்தைய கருவியை வைத்துக்கொண்டு இதைச் சாதித்திருக்கிறார்கள் என்பதை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன்.

உண்மை தெரிந்ததும் குடியிருப்பே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. கழிவறையில் சுருண்டு கிடப்பவர்மேல் தன் கோட்டைப் போர்த்துகிறவர் இரவுக் காவலாளி ஒருவர் மட்டுமே. பிறகு திரையில் ஓர் அட்டை வருகிறது: வாழ்க்கையில் இவருக்கு இனிச் சாவு ஒன்றுதான் மிச்சம், ஆனால் கதாசிரியர் இரங்கி வேறொரு முடிவு தருகிறார் என்று. உடனே பெரும் சொத்து அவருக்கு வந்து சேர்கிறது. இந்த ஒட்டு முடிவு படத்தைக் கெடுத்துவிட்டது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. பணம் வந்ததும் அவர் அதே ஹோட்டலில் அந்தக் காவலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து விருந்து போடுகிறார். அதைப் பார்க்க எனக்கு ஆசையாகவே இருக்கிறது.

பார்க்க உட்காரும்போது, செப்பனிடப்பட்ட பிரதியாக, இசையோடு வருவதாகத் தேர்ந்தெடுங்கள். ஜுசெப்பே பெச்சே இந்தப் படத்துக்கென்றே அமைத்த இசை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றரை மணி நேரம், கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் பழகாததுபோல் இருந்தாலும் நிறுத்திவிடாதீர்கள்.