கை கழுவவும் ஒரு படிப்பு
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"இப்ப என்ன வேலை பார்க்கிறே?" என்று காலையிலிருந்து பலரும் கேட்டீர்கள். குழந்தைகள் வார்டு செவிலியர்களுக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றதும், "அதுக்கு ஒரு டீச்சரா?" என்று சிரித்தீர்கள். சரி, அதையே பேசுகிறேன்.

1847 ஏப்ரலில் வியன்னா மருத்துவமனையின் ஒரு பிரசவப் பிரிவில் 100-க்கு 18 தாய்மார்கள் இறந்தார்கள். பிணப் பரிசோதனை முடித்து வரும் டாக்டர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்றார் செம்மல்வைஸ். ஜூனில் அது 2 ஆகக் குறைந்தது. அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. "என் கை அழுக்கா?" என்ற ரோஷம்தான். அந்த ரோஷம் இன்னும் முழுசாப் போகலை.

தாயின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்கு வந்து சேர்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அது முழுதாகக் கிடைப்பதில்லை, தோலும் மெல்லிசு. கிருமி தொட்டிலுக்குத் தொட்டில் நடந்து போவதில்லை, நம் கையில் ஏறிப் போகிறது. கிளெப்சியெல்லா போன்ற சில கிருமிகளுக்கு இன்று பல மருந்துகள் கேட்பதில்லை. ஆகவே வராமல் தடுப்பதே வைத்தியம்.

நம்ம ராமநாதபுரம் சீமைத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. ஆல்கஹால் கலந்த கைத்திரவம் இங்கே ஆடம்பரமல்ல. 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். கையில் அழுக்கோ ரத்தமோ தெரிந்தால் மட்டும் சோப்பும் தண்ணீரும், 40 முதல் 60 விநாடி.

வகுப்பில் கண்ணைக் கட்டி, கையுறை போட்ட கையில் மையை ஊற்றித் தேய்க்கச் சொல்வேன். அவிழ்த்துப் பார்த்தால் கட்டைவிரலும் விரல்நுனியும் பல பேருக்கு மைபடாமல் நிற்கும். அந்தப் பாடம் மறக்காது.

கஷ்டமான பாடம் வேறு. சேனை வைக்க வரும் அப்பத்தாவிடம், "தாய்ப்பால் மட்டும் போதும் அப்பத்தா, கையைக் கழுவிட்டு வந்து கொஞ்சுங்க" என்று சொல்லிவிடலாம். "சார், கையைச் சுத்தம் பண்ணிட்டுத் தொடுங்க" என்று பெரிய டாக்டரிடம் சொல்ல 22 வயசுப் பெண்ணுக்கு நாக்கு எழாது. அதையும் பேசிப் பேசிப் பழக்குகிறேன்.

2022-ல் நம் ஊருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இங்கே டாக்டர்களும் அதிகாரிகளும் இருக்கிறீர்கள். இரண்டே வேண்டுகோள். அந்தப் பெண் சொன்னால் கோபப்படாமல் "நன்றி சிஸ்டர்" என்று சொல்லுங்கள். யார் கை கழுவலை என்று தேடும் முன், ஒரு செவிலியருக்கு எத்தனை குழந்தைகள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு கையால் எத்தனை தொட்டிலைத்தான் பார்ப்பது?