கையகல ஓவியங்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேசும் அரங்கில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பட அட்டைகளைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். ஆட்டத்தின் விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எனக்கும் அரைகுறைதான். அகலம் மூன்றங்குலத்துக்கும் உயரம் நான்கங்குலத்துக்கும் சற்றே குறைந்த ஓர் அட்டைக்குள் ஒரு மனிதனின் முகத்தை அடக்க முயன்ற ஓவியர்களே என் பொருள். நாலடிக்குள்ளும் ஈரடிக்குள்ளும் உலகை அடக்கிய மரபினராகிய நாம் அவர்களைத் தொழில்முறை உறவினராகக் கருதலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து தாள் தட்டுப்பாடு நீங்கியபின், சூயிங்கம் விற்கும் நிறுவனங்கள் பொட்டலத்துக்குள் ஆட்டக்காரர் அட்டைகளை வைத்து மீண்டும் விற்கத் தொடங்கின. பிலடெல்பியாவின் போமன் நிறுவனம் 1948இல் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களோடு தொடங்கியது. 1950இலும் 1951இலும் புகைப்படத்தைப் பார்த்துத் தீட்டிய வண்ண ஓவியங்களை அச்சிட்டது. 1951ஆம் ஆண்டுத் தொகுதியில் 324 அட்டைகள். மிக்கி மேன்டில், வில்லி மேஸ் என்னும் இரண்டு இளைஞர்கள் ஓவியமாக அறிமுகமானது அதில்தான்.

மறு ஆண்டு புரூக்ளினின் டாப்ஸ் நிறுவனம் 407 அட்டைகளோடு போட்டிக்கு வந்தது. அதனை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் சை பெர்கர். அத்தொகுதியின் இறுதிப் பகுதி, ஆட்டப் பருவம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்ததால் விற்காமல் தேங்கியது. 1960இல் அந்த மிச்சத்தைப் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்த இறுதிப் பகுதியில் இருந்ததுதான் மேன்டிலின் 311ஆம் எண் அட்டை. 2022 ஆகஸ்டில் அதன் படியொன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. விலையைச் சொன்னதும் அரங்கில் எழும் சலசலப்பு எனக்குக் கேட்கிறது. அந்தச் சலசலப்புதான் இக்கலைக்கு நேர்ந்த கேடு. 1952ஆம் ஆண்டுப் படங்கள் பெரும்பாலும் வண்ணம் ஏற்றிய புகைப்படங்கள். ஓவியம் என்று பார்த்தால், விலையில் அதனை எட்டாத 1953ஆம் ஆண்டுத் தொகுதியே உயர்ந்தது என்பது என் துணிபு.

1953இல் டாப்ஸ் வெளியிட்டவை 274 அட்டைகள். எண்வரிசை 280 வரை ஓடும். இடையே ஆறு எண்கள் இல்லை. பல அட்டைகளுக்கு மூல ஓவியம் தீட்டியவர் ஜெர்ரி டிவோராக். அட்டையின் பின்புறத்தில் ஆட்டக்காரரின் கையொப்பம் அச்சாகியிருக்கும், வாழ்க்கைக் குறிப்பு இருக்கும், ஆட்டம் பற்றிய ஒரு வினாவிடைகூட இருக்கும். ஓவியரின் பெயர் மட்டும் இராது. அம்மூல ஓவியங்களுள் சில 1989இல் ஏலத்துக்கு வந்தபோது மேன்டிலின் படம் லட்சம் டாலரைத் தாண்டிற்று. ஓவியம் தனித்து மதிக்கப்பட 36 ஆண்டுகள் ஆயின.

அத்தொகுதியில் இரண்டு அட்டைகளைச் சற்று நின்று காண வேண்டும். ஒன்றில் வில்லி மேஸ் கையுறையை நீட்டிப் பந்தைப் பிடிக்கிறார். அந்த ஆண்டு முழுவதும் அவர் ராணுவப் பணியில் இருந்தார்; ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. திடலில் இல்லாதவரைச் சிறுவர்களின் சட்டைப்பையில் ஆடவைத்தது ஓவியம். மற்றொன்று சாச்செல் பேஜின் முகம். கறுப்பினத்தவர் என்பதால் பெரிய லீக்குகளின் கதவு அவருக்கு அடைபட்டிருந்தது. 1948இல், 42 வயதில்தான் அவரால் அங்கே பந்து எறிய முடிந்தது. அட்டையில் அவர் பெயரை ஓர் எழுத்து மிகையாகப் பிழைபட அச்சிட்டார்கள். பெயரில் பிழை செய்தவர்கள் முகத்தில் செய்யவில்லை. காத்திருந்த ஆண்டுகள் அந்த முகத்தில் தெரிகின்றன.

இங்கே கவிஞர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நடுகல் எழுப்பிய நம் முன்னோர் வீழ்ந்தவனுக்கு உருவும் பெயரும் கொடுத்தார்கள். யாருக்குக் கல் நடப்பட்டது என்பதைப் போலவே யாருக்கு நடப்படவில்லை என்பதும் வரலாறுதான். ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரலில் நிறத்தடையை உடைத்தார். 1949இல் போமன் அட்டையில் இடம்பெற்றார். ஆனால் கறுப்பின லீக்குகளின் பெரும் மட்டையாளர் ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். மூன்றே மாத இடைவெளி. அவர் வாழ்ந்தவரை அமெரிக்கச் சூயிங்கம் நிறுவனம் எதுவும் அவருக்கு ஓர் அட்டை அச்சிடவில்லை.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர் டிக் பெரஸ். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த ஓவியர். பேஸ்பால் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றோர் அனைவரையும் அஞ்சலட்டை ஓவியங்களாக வரையும் பணியை 1980இல் தொடங்கினார். பெரஸ்-ஸ்டீல் என்னும் பெயரில் 10,000 தொகுதிகள் மட்டுமே அச்சாயின. இம்முறை அட்டையில் ஓவியருக்கும் பெயர் இருந்தது. உயிரோடிருந்தவர்களிடம் ரசிகர்கள் அந்த அட்டையிலேயே கையொப்பம் வாங்கினார்கள். புகழ்க்கூடத்தில் 1972இல் சேர்க்கப்பட்ட கிப்சனும் அவ்வரிசையில் உண்டு. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்துக்கொண்டு, இறந்தவரின் தோலுக்கும் சீருடைக்கும் வண்ணம் தேடியிருக்கிறார் பெரஸ். மெருகு சற்றுக் கூடிவிட்டது என்று குறை சொல்வோர் உண்டு. நானும் சில அட்டைகளில் அதனை உணர்ந்ததுண்டு. கிப்சன் விஷயத்தில் அக்குறையை நான் பொருட்படுத்த மாட்டேன்.

2024 மே மாதத்தில் கறுப்பின லீக்குகளின் கணக்குகள் பெரிய லீக்கின் ஏடுகளில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் மட்டைச் சராசரியில் .372 பெற்று, கிப்சன் அன்று முதலிடத்துக்கு வந்தார். எண்கள் வந்து சேர்வதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே ஓவியம் அவருக்கு இடம் கொடுத்திருந்தது.