முடி காணிக்கையும் மலைக்குளிரும்



சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், கீமோ முடித்தவர், தொடர்ந்து ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் இருக்கும் வீட்டில் அநேகமாக ஒரு வேண்டுதலும் பாக்கி இருக்கும். உடம்பு தேறியதும் பழனியில் மொட்டை, அப்படியே கொடைக்கானலில் இரண்டு நாள். தாராளமாகப் போகலாம். ஆனால் தேதியைக் குறிக்க வேண்டியவர் ஜோசியர் அல்ல, மருத்துவர். கீமோ ஏற்றிய அடுத்த ஓரிரு வாரங்களில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருக்கும். மாற்று அறுவை நடந்த முதல் சில மாதங்களும் ஆபத்தானவையே.

தைப்பூசமும் பங்குனி உத்திரமும் முருகனுக்கு உகந்த நாட்கள். கூட்டத்தில் பரவும் சளிக்காய்ச்சலுக்கும் அப்படியே. கூட்டமில்லாத நாளாகப் பாருங்கள். பாதயாத்திரை வேண்டாம், காலில் ஒரு கொப்புளம் உடைந்தால் போதும். மலையேற விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. மொட்டைக்குப் பதில் பூமுடி கொடுக்கலாம். மொட்டைதான் என்றால் புது பிளேடை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். பஞ்சாமிர்தம் அடுப்பேறாத பண்டம். அணுக்கள் குறைந்திருக்கும்போது திருநீறோடு நிறுத்திக்கொண்டால் முருகன் கோபிக்க மாட்டான்.

பழனியிலிருந்து கொடைக்கானல் அறுபது கிலோமீட்டருக்கு மேல், முழுக்க வளைவுகள். இங்கேதான் பலரும் யோசிக்காத ஒன்று. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். சாப்பிட்டவுடன் வண்டியேறி, மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தால் அந்த வேளை மருந்து போன மாதிரிதான். மாத்திரை நேரத்துக்கும் மலைப்பாதைக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே போனதும் எல்லாரும் குளிருக்குப் பயந்து ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டுவார்கள். மாட்டட்டும். நான் பயப்படுவது தண்ணீருக்கு. வத்தலக்குண்டு பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கண்டதும், மலைத்தண்ணீர் சுத்தம் என்று கையில் ஏந்திக் குடிப்பவர்கள் உண்டு. அது ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்! கொதிக்க வைத்த நீரோடு நில்லுங்கள். பேரிக்காயைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள். வெட்டி வைத்த பழமும் பச்சைக் கேரட்டும் வேண்டாம்.

அடுத்தது உண்ணிக் காய்ச்சல், மருத்துவர்கள் சொல்லும் ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. மழைக்காலத்திலும் அதையொட்டிய குளிர்மாதங்களிலும் அதிகம். புல்தரையில் படுக்காதீர்கள், முழுக்கால் சட்டையும் சாக்ஸும் போடுங்கள், அறைக்கு வந்ததும் உடுப்பை மாற்றிக் குளியுங்கள். கடித்த இடம் வலிக்காது. சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கருப்புப் பொருக்கு, அதுவும் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ ஒளிந்திருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது.

தெர்மாமீட்டர் பையில் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். கொடைக்கானலிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. சாப்பிடும் மருந்துகளின் பட்டியலோடு உடனே போங்கள். உண்ணிக் காய்ச்சல் கடித்த அன்றே வராது, பத்து நாள் கழித்தும் வரும். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: "கொடைக்கானல் போயிருந்தேன்."