குல்லாயும் கூலியும்
(நமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் காப்பியங்களைப் பற்றி உரையாற்றும் மேடை இது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் யாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகவும் சிறியது. குரோஷா ஊசியால் பின்னும் உல்லன் குல்லாயே அது. பொருள் சிறிதாயினும், நம் வீட்டுப் பெண்மக்களின் உழைப்பு அதில் அடங்கியிருப்பதால், சற்றே செவி சாய்க்க வேண்டுகிறோம்.

தஞ்சையிலும் திருச்சியிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உல்லன் உடை பெட்டியில் கிடக்கும் பொருள். மைசூரோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. தசராக் கூட்டம் கலைந்து மார்கழி பிறந்தால், விடியற்காலையில் சாமுண்டி மலையைப் பனி மூடுகின்றது. அவ்வேளையில் நம்மிற் பலர் போர்வைக்குள் இருப்போம். ஆனால் சாவியும் சுத்தியலும் தோளில் ஏந்திய கீமேன், தண்டவாளத்தை அடி அடியாகப் பார்த்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பார். குளிரில் இரும்பு சுருங்கும். சுருங்கும் இரும்பு சில வேளை விரிசல் காணும். ஆகவே, குளிர் மிகும் நாள்களில்தான் அவருடைய கண்ணுக்கு வேலையும் மிகுதி.

அவர் தலைக்கு ஒரு குல்லாய் வேண்டும். கடையில் கிடைக்கும் மங்கிக் குல்லாய் போதாதா எனின், போதாது என்றே சொல்வோம். அது காதை இறுக மூடுகின்றது. பாதையில் நடப்பவருக்குக் காதும் ஒரு கண்ணன்றோ? பின்னால் வரும் வண்டியின் ஓசையை மழுங்கச் செய்யும் குல்லாய் அவருக்குப் பகையாகும். அவர்க்குரிய குல்லாய் காதுக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். இவ்வாறு ஆளுக்கும் தொழிலுக்கும் ஏற்ப அளவெடுத்துச் செய்யத்தக்கது கைப்பின்னலே.

குல்லாயைப் பற்றி ஒரு தவறான எண்ணமும் உலவுகின்றது. உடம்பின் வெப்பத்திற் பாதி தலை வழியே போய்விடும் என்பர். அது மெய்யன்று. வளர்ந்தவர்க்குத் தலை, உடலின் மேற்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. வெளியேறும் வெப்பமும் அந்த அளவை ஒட்டியதே. பிறந்த குழந்தைக்கோ அது ஐந்தில் ஒரு பங்கு. எனவேதான், எடை குறைந்து பிறந்த மகவைத் தாயின் மார்போடு அணைத்து வளர்க்கும் ‘கங்காரு’ முறையில், குழந்தைக்குத் தலைக்குல்லாயும் அணிவிக்கின்றனர். 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தோன்றிய அம்முறை இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் வழங்குகின்றது.

இனி, பின்னும் முறையைச் சுருங்கக் கூறுவோம். எம் இல்லத்தார் பின்னுவதை அருகிருந்து கண்டு எழுதிய குறிப்பு இது. வளர்ந்தவர் குல்லாய்க்கு ஏறத்தாழ 100 கிராம் உல்லன் நூலும், ஐந்து மில்லிமீட்டர்க் குரோஷா ஊசியும் வேண்டும். நூலை வளையமாக்கி அதனுள் 12 நெடுங்கண்ணிகள் போடுக. அடுத்த வரிசையில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு போட்டால் 24 ஆகும். மூன்றாம் வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு போட்டால் 36. இவ்வாறே வரிசைக்குப் பன்னிரண்டாகக் கூட்டிச் சென்றால், ஆறாம் வரிசையில் 72 கண்ணிகள் நிற்கும்.

பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டுவதேன்? பள்ளியில் நாம் படித்த வட்டக் கணக்கே காரணம். வட்டத்தின் ஆரம் ஒரே அளவாகக் கூடினால், சுற்றளவும் ஒரே அளவாகவே கூடும். கூட்டியது மிகுந்தால் பின்னல் அலை அலையாகச் சுருளும். குறைந்தால் கிண்ணம்போற் குழியும். சரியாக அமைந்தால் தோசைபோல் தட்டையாகக் கிடக்கும். அதன் குறுக்களவு பதினேழு சென்டிமீட்டரை எட்டியதும் கூட்டுவதை நிறுத்துக. பதினேழை 22-ஆற் பெருக்கி 7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 53 வருகின்றதன்றோ? 55 சென்டிமீட்டர்ச் சுற்றளவுள்ள தலையை அது சற்றே இழுத்துப் பிடிக்கும். அதன் பிறகு கண்ணி கூட்டாமல் வரிசை வரிசையாகச் சுற்றி வந்தால் பக்கச் சுவர் எழும். உச்சியிலிருந்து விளிம்பு வரை இருபது சென்டிமீட்டர் இருந்தால் காது மூடும். பதினேழோடு நிறுத்தினால் காது திறந்திருக்கும். கீமேனுக்கு உரியது பின்னதே.

குழந்தைக் குல்லாய்க்கு மென்மையான பருத்தி நூலே நன்று. பொத்தானும் தொங்கும் நாடாவும் ஆகா. வீட்டிற் குழந்தை உறங்கும்போது அதனைக் கழற்றிவிட வேண்டும். அது முகத்தில் நழுவினும், உடல் மிகச் சூடேறினும் தீங்காம்.

நூலைப் பற்றியும் ஒரு சொல். வெப்பம் தருவது நூலன்று. நூலிழைகளுக்கிடையே சிக்கி நிற்கும் காற்றே. ஆட்டு மயிரால் ஆன உல்லன், தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்றும் நனைந்த உணர்வைத் தராது. அக்ரிலிக் நூல் விலை மலிவு, துவைக்கவும் எளிது. ஆனால் வியர்வையை உறிஞ்சும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு.

குரோஷா என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது பெண்கள் பின்னிய குரோஷா லேஸே. நம் பக்கத்திலும் பின்னல் வரலாறு உண்டு. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில், 1820-களில், மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது கொக்கிப் பின்னலன்று, கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் வேறு வகை. அவ்வேலையில் ஈட்டிய கூலியைச் சேர்த்து, அடிமைப் பெண்களிற் சிலர் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். அந்நாட்டில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதோ 1855-இல்தான். சட்டம் வருமுன்னரே ஊசியும் நூலும் விலங்கை அறுத்தன!

ஆயினும், பின்னல் எங்கும் விடுதலை தந்துவிடவில்லை. ஆந்திரத்து நரசாபுரத்தில் பல்லாயிரம் பெண்கள் குரோஷா லேஸ் பின்னி வருகின்றனர். 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்பெண்களைப் பற்றி ஆராய்ந்து மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் பின்னிய பொருள் உலகச் சந்தைக்குப் போயிற்று. அவர்களையோ உழைப்பாளிகள் என்று எவரும் எண்ணவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்திற் செய்வது என்னும் ஒரு பெயரே கூலியைக் குறைத்து வைக்கப் போதுமானதாயிற்று.

அது அயலூர்க் கதையன்று. எம் காலனியில் ஓர் அம்மையாரிடம் ஒரு வணிகர் குல்லாய்கள் பின்னித் தரச் சொன்னார். நூல் வணிகருடையது; ஒரு குல்லாய்க்கு ஆறு மணி நேரம் பிடித்தது. அவர் கொடுத்த கூலியை யாம் ஆறால் வகுத்துப் பார்த்தோம். ஒரு மணி நேர உழைப்பின் கூலி ஒரு குவளைக் காப்பிக்கும் காணவில்லை. கேட்டதற்கு, “வீட்டிற் சும்மா இருக்கும் நேரத்திற் செய்வதுதானே, அம்மா?” என்றாராம். நான்கு மணிக்கு எழுந்து கோலமிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, பாத்திரம் கழுவி அமரும் ஒருவருக்குச் சும்மா இருக்கும் நேரம் எங்கே உள்ளது? யாம் அலுவலகத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மிகைநேரப்படி கேட்கிறோம். அவருடைய இரவு பத்து மணி மட்டும் ஓய்வு நேரமாய்விடுமோ?

நம் மகளிரின் திறமைக்குச் சான்று வேண்டுமா? 2016 சனவரியில் சென்னையில், ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர்ப் பரப்புள்ள போர்வையைப் பின்னிக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றனர். திறமை குறைவன்று, அதற்கு மதிப்புத் தருவதே குறை.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, சங்க நிதியிலிருந்து நூலை மொத்தமாக வாங்கிப் பின்ன வல்ல மகளிர்க்குத் தருதல் வேண்டும். இரண்டாவது, அவர்கள் செலவிடும் மணிகளைக் கணக்கேட்டிற் குறித்து, மணிக்கு உரிய கூலியைக் கையிற் கொடுத்தே குல்லாய்களைப் பெறுதல் வேண்டும். அக்கணக்கை எழுதும் பொறுப்பை ஊதியமின்றி யாம் ஏற்கிறோம். மூன்றாவது, அவ்வாறு பெற்றவற்றை இவ்வூரில் இரவிலும் விடியலிலும் பாதை காக்கும் தொழிலாளர்க்கும், மருத்துவர் வேண்டும் அளவிற் குழந்தைகளுக்கும் வழங்குதல் வேண்டும். அவர்கள் கன்னடரா தமிழரா என்று பார்க்க வேண்டா. இவ்வூர்த் தண்ணீரைக் குடித்து வாழும் நாம் இவ்வூர்க்குச் செய்யும் சிறு கைம்மாறு அது.

தருமம் செய்ய விரும்புவோர் தம் பணத்தைக் கொடுத்துச் செய்யலாம். இன்னொருவர் கூலியைக் குறைத்துச் செய்வது தருமமாகாது. இதனைச் செயற்குழு தன் அடுத்த கூட்டத்தில் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.