மும்பைக் கணக்கும் மதுரைக் கணக்கும்



காலையில் டீ குடிக்கும்போது இறுதியாண்டு தம்பி ஒருவர் கேட்டார்: "சார், மும்பையில வேலை கிடைச்சா எவ்வளவு சம்பளம் கேட்கணும்?" அதற்குத்தான் இந்தப் பத்து நிமிஷம்.

சர்க்காரிடம் இதற்கு ஒரு கணக்கு உண்டு. 2024 ஜனவரியில் உயர்த்திய விகிதப்படி, மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி மும்பையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், மதுரையில் 20. அடிப்படை 50,000 என்றால் வித்தியாசம் மாதம் 5,000 ரூபாய். அந்த ஐயாயிரத்தை நம்பி தாதரில் வீடு தேடிப் பாருங்கள். புரோக்கர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைப்பார்.

நான் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். 1994ல், பம்பாய் மும்பை ஆவதற்கு முந்தின வருஷம், மதுரையிலிருந்து மாற்றலாகிப் போனேன். வாடகைக்குப் பயந்து டோம்பிவிலியில் குடியேறினோம். வி.டி. ஸ்டேஷனுக்குச் சுமார் 48 கிலோமீட்டர். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை, போக வர மூன்றரை மணி. மதுரையில் சைக்கிளில் இருபது நிமிஷத்தில் போனவன்! மாதம் 22 நாள் வேலை என்றால் 77 மணி நேரம். வாடகையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ரயிலில் நின்றே தீர்த்தேன். சீசன் டிக்கெட் என்னவோ மலிவுதான்.

மதுரைக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். 2001ல் கிடைத்தது. ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்குப் போனேன். என் மனைவி அதைத் தொடவில்லை. அவர் தாணேயில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்திருந்தார். மார்ச் மாதம் வந்தால் ராத்திரி பத்தரைக்கு லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஏறித் தனியாக வருவார். தெருவில் ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை.

"மதுரையில எட்டு மணிக்கு மேல வெளிய போனா நாலு பேரு கேப்பாங்க. முதல்ல உங்க அம்மாவே கேப்பாங்க. உங்க 77 மணி நேரக் கணக்குல இது எங்க வருது?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. கடைசியில் மாற்றல் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போனது என் தம்பி. நான் மணியார்டர் அனுப்பினேன்.

ஆகவே தம்பி, சம்பளத்தைப் பேசுமுன் ஆபீசிலிருந்து எத்தனையாவது ஸ்டேஷனில் உங்களால் வாடகை கொடுக்க முடியும் என்று விசாரியுங்கள். கல்யாணம் ஆனவரென்றால் இருவரும் தனித்தனியாகக் கணக்கு எழுதிப் பாருங்கள்.

2019ல் ஓய்வு பெற்று மதுரைக்கே வந்துவிட்டோம். இப்போதும் ராத்திரி எட்டுக்கு மேல் அவர் கடைக்குக் கிளம்பினால் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போகிறேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.