சட்டத்தின் வாசகமும் நமது வாசிப்பும்
(வட்டகொடையில் ஆற்றிய உரை)



வழக்கறிஞன் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து இலக்கணம் பேசுகின்றானே என்று எண்ணாதீர்கள். வாசகத்தை எடைபோட அறியாதவர் வாதத்தை எடைபோட இயலாது. நமது வாக்குரிமை பறிபோன வரலாறே இதற்குச் சான்று.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதற்குமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு அது விதித்தது யாது? அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். ‘அல்லது’ என்ற சொல் கதவைத் திறப்பதுபோற் காட்டுகின்றது. அடுத்துவரும் இரண்டு ‘உம்’மும் அதை அடைத்துவிடுகின்றன. தந்தையின் பிறப்புக்கே பத்திரம் இல்லாதவன் பூட்டனின் பிறப்பை எங்கே தேடுவான்? பெற்ற தாய் இங்கு பிறந்தவள் என்பதற்கோ அவ்வாசகத்தில் இடமே இல்லை.

1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகளுக்கே வாக்கு என்றது. ஒரு சமூகத்தார்மீது மட்டும் தடை சுமத்தும் சட்டத்தைச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. அதைக் காட்டிக் கோடகன்பிள்ளை வழக்காடினார். சட்டத்தில் எச்சமூகத்தின் பெயரும் இல்லை, ஆகவே பாகுபாடும் இல்லை என்பதே எதிர்வாதத்தின் சாரம்.

‘கொழுந்துக் கூடை சுமப்போர் எவரும் இப்பாதையில் வரலாகாது’ என்று ஒருவர் பலகை நாட்டினால், அதிலும் எச்சமூகத்தின் பெயரும் இராது. தடுக்கப்படுவோர் யாவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ‘எவரும்’ என்பது பொதுச்சொல். அதற்கு முன்னின்ற அடைமொழியே ஆளைப் பிரிக்கின்றது.

1951இல் உயர் நீதிமன்றம் நம் பக்கம் நிற்கவில்லை. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் மேன்முறையீட்டைத் தள்ளியது. நேரே செய்யவொண்ணாததை மறைமுகமாகச் செய்யும் சட்டமும் செல்லாது என்பதை அது ஒப்புக்கொண்டது என்பதை நம்மவர் பலர் அறியார். ஆயினும், இந்தியரும் பாகிஸ்தானியரும் பிரஜாவுரிமை பெற 1949இல் வேறொரு சட்டம் வழிதிறந்துள்ளதாகையால், அத்தகைய சூழ்ச்சி நிறுவப்படவில்லை என்றது. அவ்வழியே விண்ணப்பித்தோர் 8 இலட்சத்துக்கு மேல். 1964 வரையில் பிரஜைகளாகப் பதியப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. கதவு இருந்தது என்பதும், அதன் வழியே மக்கள் உள்ளே நுழைந்தனர் என்பதும் ஒன்றாகுமா?

1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் பிரஜைகளாயினர். ஆனால் கையொப்பம் கேட்டு நீட்டப்படும் தாள்கள் ஓயவில்லை: சம்பள ஒப்பந்தம், வீட்டுக் காணிப் பத்திரம், கடன் பத்திரம். மாதம் ஒரு மாலை கூடி, கைக்கு வந்த தாள் ஒன்றை உரக்க வாசியுங்கள். ‘எவரும்’ எங்கே, ‘ஆயின்’ எங்கே, ‘மட்டும்’ எங்கே என்று கோடிடுங்கள். படித்த இளைஞர் வாசிக்கட்டும். கேள்வியை முதலில் தாய்மார் கேட்கட்டும்.