சிறுநகரில் ஒரு பாலே பள்ளி

பாலே என்னும் மேலைச் செவ்வியல் நடனம் இத்தாலிய அரசவைகளில் முளைத்து, பிரான்சில் இலக்கணம் பெற்று, ரஷ்யாவில் முதிர்ந்த கலையாகும். அமெரிக்கக் குழந்தைகளில் பலர் அதை முதன்முதலாகக் கற்பது, புறநகர்க் கடைவரிசைகளில் மளிகைக் கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் பதித்து இயங்கும் சிறிய நடனக் கூடங்களில்தான். தனியார் கூடம் ஒன்றில் நடனம் கற்பிப்பதற்கென அந்நாட்டில் கட்டாயத் தேர்வோ தொழில் உரிமமோ இல்லை. ஆகவே ஊரில் இரண்டு மூன்று கூடங்களே இருந்தாலும், அவற்றுள் எது தக்கது என்று கண்டறியும் பொறுப்பு, பாலேயின் முதல் பாடத்தையும் அறியாத பெற்றோரின் தலையில் விழுகிறது.

ஊர் சிறியதாக இருப்பதால் பயிற்சியும் சிறுத்தே இருக்கும் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் வாழும் கார்லைல் என்னும் ஊரில் மார்சியா டேல் வியரி 1955-இல் தொடங்கி, நெடுங்காலம் பழைய தானியக் கொட்டகை ஒன்றில் நடத்திய பள்ளி, சென்ட்ரல் பென்சில்வேனியா யூத் பாலே என்ற பெயரில் நாடறிந்ததாயிற்று. நியூயார்க் சிட்டி பாலே குழுவின் முதன்மை நடனக் கலைஞராகத் திகழ்ந்த ஆஷ்லி பௌடர் அவ்வூரில் பிறந்து அப்பள்ளியில் பயின்றவர். 2019-இல் அதே குழுவின் கலை இயக்குநரான ஜொனதன் ஸ்டாஃபோர்டும் அங்கே கற்றவரே. வியரியின் முறையில் மந்திரம் எதுவும் இருக்கவில்லை: ஒவ்வோர் அசைவையும் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, முதற்கூறு திருத்தமாக அமைந்த பின்னரே அடுத்ததைச் சேர்த்து, அதையே வாரத்தில் பல நாள் சலிக்காமல் செய்யவைத்தார். சுவரில் தொங்கும் கோப்பைகளைக் காட்டிலும், வார நாளொன்றில் நடக்கும் சாதாரண வகுப்பே ஒரு பள்ளியை அளப்பதற்குரிய இடம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அவ்வகுப்பைப் பார்க்கச் செல்பவர் முதலில் குனிந்து தரையைப் பார்ப்பது நல்லது. பாலேயில் குழந்தை மீண்டும் மீண்டும் குதித்து இறங்குவதால், அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்படி மரச்சட்டங்களின் மீதோ நுரைத் திண்டுகளின் மீதோ எழுப்பப்பட்ட நெகிழ்தளம் வேண்டும். அதன்மேல் வழுக்காத வினைல் விரிப்பு இருக்கும், அதை நடன உலகில் மார்லி என்பர். கடைக்கென்று கட்டிய இடத்தின் சிமெண்ட் தரைமீது விரிப்பை மட்டும் பரப்பிவிட்டு நெகிழ்தளம் என்று சொல்லும் கூடங்களும் இருப்பதால், விரிப்பின் அடியில் என்ன இருக்கிறது என்று வெளிப்படையாகவே கேட்கலாம். கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தைவிட்டு அப்போதே வெளியேறுவதும் தவறாகாது.

வகுப்பு, சுவரோரம் பொருத்திய மரக்கம்பியாகிய பாரைப் பிடித்துச் செய்யும் பயிற்சியில் தொடங்கி, கூடத்தின் நடுவே பிடிமானமின்றிச் செய்வனவற்றைக் கடந்து, பெருங்குதிப்புகளில் முடிவதே மரபு. இதில் கூர்ந்து நோக்க வேண்டியது, கால்களை வெளிப்புறமாகத் திருப்பி நிற்கும் டர்ன்அவுட் என்னும் அடிப்படை நிலையை ஆசிரியர் எவ்வாறு கற்பிக்கிறார் என்பதாகும். பரதநாட்டியத்தின் அரைமண்டியைப் போலவே இங்கும் அத்திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு இடங்கொடாத நிலையில் பாதங்களை மட்டும் நேர்கோட்டுக்கு இழுத்து வைத்தால் முழங்காலும் கணுக்காலும் முறுக்குண்டு நாளடைவில் கெடும். மாணவியின் பாதத்தைப் பார்த்து மெச்சுகிறவரைவிட, முழங்கால் பாதவிரல்களுக்கு நேர்மேலே வளைகிறதா என்று பார்த்து, பெயர் சொல்லி அழைத்துத் திருத்துகிறவரே ஆசிரியர். உடல் எடையைச் சுட்டிக் குழந்தைகளை நாணவைப்பவர் எத்தனை பெரிய அரங்கில் ஆடியவராயினும் அவரிடம் பிள்ளையை விடலாகாது.

விளம்பரங்களில் காணப்படும் பயிற்றுமுறைப் பெயர்களுக்கு ஓரளவே மதிப்பளிக்கலாம். இத்தாலிய ஆசான் என்ரிகோ செக்கெட்டியின் முறை, அக்ரிப்பினா வாகனோவா 1934-இல் நூலாக வெளியிட்ட ரஷ்ய முறை, 1920-இல் லண்டனில் உருவான அமைப்பாகிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸின் படிநிலைத் தேர்வுகள் ஆகிய மூன்றும் நன்கு வகுக்கப்பட்ட பாதைகளே. எனினும் ஒரு கோடைப் பயிலரங்கில் அமர்ந்து எழுந்தவரும் வாகனோவாவின் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ளத் தடையில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி பாயிண்ட் காலணியைப் பற்றியது. துணியையும் தாளையும் பசையிட்டு இறுக்கிய கூடு போன்ற முனையை உடைய இக்காலணி, உடலின் முழு எடையையும் விரல்நுனிகளில் நிறுத்துவதால், எலும்பு முற்றாத பாதத்துக்கு ஊறு விளைவிக்கக்கூடியது. பல ஆண்டுகள் முறையாகப் பயின்று, கணுக்காலிலும் முதுகிலும் வலு ஏறிய பின்னர், பொதுவாக 11 அல்லது 12 வயதை ஒட்டியே நல்ல பள்ளிகள் இதற்கு இசைவு தருகின்றன. 1925-இல் ஓக்லஹோமாவின் ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூரில் ஓசேஜ் பழங்குடியில் பிறந்த மரியா டால்சீஃப், மிகச் சிறு வயதிலேயே விரல்நுனியில் ஏற்றப்பட்டார். குடும்பம் 1933-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு, எர்னஸ்ட் பெல்ச்சர் என்னும் ஆசிரியர் கற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்து அடிப்படையிலிருந்து மீண்டும் தொடங்கச் செய்தார். 1949-இல் ஃபயர்பேர்ட் நாட்டியத்தால் பெரும்புகழ் எய்திய அக்கலைஞரின் பாதங்கள் பிழைத்தது நற்பேறு. எல்லாக் குழந்தைகளுக்கும் அது வாய்ப்பதில்லை. எட்டு வயதிலேயே பாயிண்ட் தருகிறோம் என்று ஒரு கூடம் பெருமை பேசினால், அது அக்கூடத்தைத் தவிர்ப்பதற்குப் போதுமான காரணமாகும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை மாதத் தொகையை மட்டும் ஒப்பிடுவது பயன்படாது. கல்வியாண்டு முடிவில் நடக்கும் மேடை நிகழ்ச்சி, அதற்கான உடைகள், டிசம்பரில் ஊருக்கு ஊர் அரங்கேறும் நட்கிராக்கர் என்னும் பாலே, போட்டிகளுக்கான நுழைவுத்தொகை ஆகியன தனித்தனியே வந்து சேர்வதால் ஆண்டுமுழுமைக்குமான செலவை எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறை. நிகழ்ச்சிக்கான ஒரே நடனத்தைப் பாதியாண்டு ஒத்திகை பார்க்கும் கூடத்தில் குழந்தை அந்த ஒரு நடனத்தை மட்டுமே கற்கும். வாரம் ஒருநாள் மகிழ்ச்சிக்காக ஆட விரும்பும் குழந்தைக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்கும் தரை நெகிழவே வேண்டும்.

தொழில்முறையாக ஆடும் எண்ணம் ஒரு மாணவிக்கு உண்டாகுமானால், பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பெருநகரப் பள்ளிகளின் கோடைக்காலத் தீவிரப் பயிற்சிகளுக்கான தெரிவுத் தேர்வுகளில் அவள் ஆடிக் காட்ட வேண்டியிருக்கும். நடன அமைப்பாளர் பாலன்சீனும் கலை ஆதரவாளர் லிங்கன் கிர்ஸ்டீனும் 1934-இல் நியூயார்க்கில் நிறுவிய ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலே அத்தகைய பள்ளிகளுள் ஒன்று. வேறெங்கும் கற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கும் கூடங்கள் இவ்வாசலை அடைத்துவிடக்கூடும் என்பதால், கடந்த சில ஆண்டுகளில் தம் மூத்த மாணவர்கள் எங்கெங்கே சென்றார்கள் என்று நடத்துநரிடம் சேர்க்கை நாளிலேயே கேட்டுவிடலாம்.